‘வாக்கிங் போங்க’ என்று யாரிடம் சொல்கிறோம்? கடலூர் மீன் வியாபாரி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, ஊருக்குள் கொண்டுவந்து விற்கும் பெண் ஒருவரைப் பற்றியது இது. வயது 47. உணவு, உடலுழைப்பு, உடல் பருமன் பற்றி நாங்கள் எடுக்கும் கணக்கெடுப்புகளில் கேட்கும் கேள்விகளை அப்படியே அவரிடம் கேட்டோம், அளக்க வேண்டியதை அளந்தோம், சில மாதம் கழித்துத் திரும்பவும் போய் அளந்தோம். எல்லாம் அவர் சம்மதத்தோடு. ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நேரில் கூப்பிடுவது போலவே இங்கேயும் அவரை அக்கா என்றே சொல்கிறேன்.

அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தெருவுக்கு வரும் பெண் கொடுத்துவிட்டுப் போகிறார். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எடையைக் குறைக்க அவருக்கு இதுவரை கிடைத்த ஒரே யோசனை, தினம் அரை மணி நேரம் வாக்கிங் போங்க என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “மூணரைக்கு எழுந்திரிச்சா ராத்திரி பத்துக்குத்தான் முதுகு தரையில படுது. சில்வர் பீச்சுல ஷூ மாட்டிக்கிட்டு நடக்கிறவங்களுக்குச் சொல்றத எனக்குச் சொல்றாங்கம்மா.”

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. நியாயத்தை எண்ணில் காட்ட முடியுமா என்று பார்க்கத்தான் இத்தனை வேலையும்.

பெரிய கணக்கில் இந்தக் கரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் நாடு தழுவிய முடிவு 2023இல் வந்தது. 20 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,13,043 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்த ஆய்வு. நாடு முழுக்க உடல் பருமன் 28.6 சதவீதம். இடுப்பைச் சுற்றி அளந்து சொல்லும் வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இரண்டிலும் முதல் இடம் புதுச்சேரிக்கு: 53.3, 61.2. கடலூர்க்காரர்கள் இதைப் பக்கத்து மாநிலத்துச் சேதியாகப் படித்துவிட்டுப் போக முடியாது. ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, கொஞ்ச தூரத்தில் புதுச்சேரியின் முள்ளோடை வந்துவிடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே அரிசி, அதே மீன், அதே பேக்கரிதான்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) வேறு எண்களைத் தருகிறது. பிஎம்ஐ, அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், 25ஐத் தொட்ட பெண்கள் இந்திய அளவில் 24 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 40, புதுச்சேரியில் சுமார் 46. இதையும் இண்டியாப் எண்ணையும் அருகருகே வைத்து ‘ஏறிவிட்டது’, ‘இறங்கிவிட்டது’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். குடும்ப நல ஆய்வின் எண் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களை மட்டும் வைத்துப் போட்டது. மற்றது ஆண், பெண், முதியவர் என்று எல்லோரையும் சேர்த்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாது.

பருமன் வசதியானவர்கள் வீட்டுச் சங்கதி என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. நடுத்தர வருமான நாடுகளைப் பார்த்தால் அது உடைந்து பல காலம் ஆகிறது. பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோவின் குழு 2004இல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆள் ஒன்றுக்கு ஆண்டு வருமானம் சுமார் 2,500 டாலரைத் தாண்டும்போது, பருமனின் சுமை ஏழைப் பெண்கள் பக்கம் நகரத் தொடங்குகிறது என்று அது காட்டியது. 2019இல் இன்னொரு பெரிய ஆய்வு, 1985 முதல் 2017 வரை உலகில் சராசரி பிஎம்ஐ ஏறியதில் பாதிக்கு மேல் கிராமங்களில் ஏறியது என்று கணக்குக் காட்டியது. அக்காவின் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இருக்கிறது. நகரமும் இல்லை, கிராமமும் இல்லை என்கிற அந்த மாதிரி இடங்களுக்கு இந்த இரண்டு முடிவும் பொருந்தும்.

டேப் பிடிக்கும் இடம்

உயரம் அளக்கும்போது கொண்டையை அவிழ்க்கச் சொல்ல வேண்டும், பூ இருந்தால் எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு சென்டிமீட்டர் சும்மா கூடும். அந்த வீட்டுச் சிமெண்டுத் தரை ஒரு பக்கம் சரிந்திருந்ததால் எடை மெஷினுக்கு அடியில் ஒட்டுப்பலகை போட்டோம். உயரம் 151 செ.மீ., எடை 68 கிலோ. பிஎம்ஐ 29.8.

இந்த 29.8க்குப் பெயர் என்ன என்பது நீங்கள் எந்த அட்டவணையைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலகப் பொதுவான 30 என்ற கோட்டின்படி அக்காவுக்குப் பருமன் இல்லை, எடை சற்று அதிகம், அவ்வளவுதான். இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் 25 என்ற கோட்டின்படி பருமன் வந்து பல காலம் ஆகிறது. நம் ஊர் உடம்பில் அதே எடைக்குக் கொழுப்பு அதிகம் என்பதுதான் கோட்டைக் கீழே இறக்கியதற்குக் காரணம். மருத்துவ ஆய்வாளர்களான புனேயின் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004இல் தங்கள் படத்தையே போட்டு இதை எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

அதற்கு அக்கா வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தார், அவர் மாமியார். 44 கிலோ, 148 செ.மீ., பிஎம்ஐ 20. எந்த அட்டவணையிலும் ‘சரியான எடை’. ஆனால் சர்க்கரை வந்து வெகு காலம் ஆகிறது, இடுப்பு 83. பெண்களுக்கு 80 என்பதுதான் நம் கோடு. “நான்தான் குச்சியாட்டம் இருக்கேனே” என்று அவரே அளக்க வேண்டாம் என்றார். எடையை மட்டும் பார்க்கிற ஆய்வில் அவர் ஆரோக்கியமானவர் பட்டியலில் போய் உட்கார்ந்திருப்பார்.

இடுப்பு அளவில் ஒரு சங்கடம் எப்போதும் வருகிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முறை. பெண்கள் தாங்களாகவே காட்டும் இடம் பாவாடை நாடா கட்டும் இடம். புதிதாக வரும் கணக்கெடுப்பாளர் கூச்சத்தில் அங்கேயே, புடவைக்கு மேலேயே, டேப்பைச் சுற்றிவிடுவார். அக்காவுக்கு நாடா இடத்தில் 89, முறைப்படி அளந்தால் 94. அவர் எப்படியும் கோட்டைத் தாண்டியவர்தான், அதனால் அவர் விஷயத்தில் ஒன்றும் மாறாது. 82 உள்ள பெண்ணுக்கு இதே தப்பு நடந்தால் அவர் பட்டியலை விட்டே வெளியே போய்விடுவார்.

பூஜ்யமா, 3,600ஆ?

அடுத்தது உழைப்பு. எங்களோடு வந்த பயிற்சிப் பெண் பழக்க தோஷத்தில் முதலில் இப்படிக் கேட்டார்: “உடற்பயிற்சி ஏதாவது செய்வீங்களா அக்கா?”

“அதெல்லாம் ஏது.”

அங்கேயே நிறுத்தியிருந்தால் தாளில் பூஜ்யம். உலக சுகாதார நிறுவனத்தின் உடலுழைப்புக் கேள்வித்தாள் அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. வேலை, போய்வருவது, பொழுதுபோக்கு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. வீட்டுவேலையும் வேலைதான். மூச்சு வாங்கவைக்கும் உழைப்பு என்றால் நிமிடத்துக்கு 8 புள்ளி. நடுத்தர உழைப்புக்கும் நடைக்கும் நிமிடத்துக்கு 4. வாரத்துக்கு 600 புள்ளி வந்தால் போதும் என்பது கோடு.

அப்புறம் உட்கார்ந்து கேட்டோம். ஏலம் முடிந்ததும் மீன் நிரம்பிய அன்னக்கூடையையும் ஐஸ் பெட்டியையும் ஆட்டோ நிற்கும் இடம்வரை தூக்குவது, இறக்கும் இடத்தில் மறுபடி தூக்குவது: தினம் அரை மணி, வாரத்தில் ஆறு நாள். 1,440. தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, பெட்டி கழுவுவது: தினம் ஒரு மணி. 1,680. வீட்டிலிருந்து ஆட்டோ வரைக்கும், சந்தைக்குள்ளும் நடை இருபது நிமிடம், ஆறு நாள். 480. பொழுதுபோக்கு உடற்பயிற்சி பூஜ்யம்தான். கூட்டினால் 3,600. கேள்வித்தாளின் வகைப்பாட்டில் இது ‘அதிக உழைப்பு’.

இதே கேள்வித்தாளை வைத்துத் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் இண்டியாப் குழு எடுத்த முடிவு 2014இல் வந்தது. 54.4 சதவீதம் பேர் போதிய உழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்பவர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டு ‘நம் மக்கள் சோம்பேறிகள்’ என்று பேசுவது சுலபம். அந்த எண்ணில் அக்காவும் பூஜ்யம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தோம். மீன் விற்க உட்கார்ந்தால் ஐந்து மணி நேரம் அசைவு இல்லை. அரிவாள்மனையில் மீன் அரியும் கை மட்டும்தான் வேலை செய்கிறது. ஒரே ஆள் அதிக உழைப்பாளி, அதே ஆள் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பவர். கேள்வித்தாள் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது, அறிக்கை எழுதும்போதுதான் ஏதோ ஒன்று விழுந்துபோகிறது.

‘வழக்கமான ஒரு வாரம்’ என்று கேள்வியில் வரும். துறைமுகத்தில் வழக்கமான வாரம் எது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை, 61 நாள். விசைப்படகு போகாது. நாட்டுப் படகு கொண்டுவருவது பெரிய வியாபாரிகளுக்கே பத்தாது. அந்த நாட்களில் அக்கா பெரும்பாலும் வீட்டில். வைகாசியில் போய்க் கேட்டால் தூக்குவது, நடப்பது இரண்டும் கழிந்து 1,680 மட்டும் மிஞ்சியது. ‘அதிகம்’ போய் ‘மிதம்’. புரட்டாசியில் வாங்குவோர் பாதிப் பேர் மீனைத் தொடுவதில்லை, அப்போது கணக்கு வேறு. பள்ளி விடுமுறையில் ஆட்கள் கிடைப்பார்கள் என்று ஏப்ரல், மே மாதங்களில் களப்பணி வைக்கும் ஆய்வுகள், இந்தக் கடற்கரை முழுவதையும் உழைப்பில்லாத ஊராக எழுதிவிட்டுப் போகும்.

டீ எல்லாம் சாப்பாடா

நேற்று காலை முதல் இன்று காலை வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவதை 24 மணி நேர நினைவு முறை என்கிறோம். முதல் சுற்றில் அவரே சொல்வதை அப்படியே எழுத வேண்டும். அக்கா சொன்னது: காலை பத்தரைக்கு நாலு இட்லி. மூன்று மணிக்குச் சோறு, மீன் குழம்பு, பொரித்த மத்தி. ராத்திரி புரோட்டா. முடிந்தது. கேட்கச் சாதுவான சாப்பாடுதான்.

இரண்டாம் சுற்று மறந்துபோனவற்றுக்கு. குடிச்சது ஏதாவது? “டீ எல்லாம் சாப்பாடா கண்ணு?” என்றார். எண்ணிப் பார்த்தால் ஆறு கிளாஸ். ஏலத்துக்கு முன் ஒன்று, படகு தாமதமானால் இன்னொன்று, பெட்டி ஏற்றியதும் ஒன்று, சந்தையில் இரண்டு, சாயங்காலம் பஜ்ஜியோடு ஒன்று. டீக்கடைக்குப் போய் மாஸ்டர் போடும் சர்க்கரையை எடை பார்த்தோம். கிளாஸுக்குச் சுமார் பத்து கிராம். ஆறு கிளாஸில் 60 கிராம், 240 கலோரி. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாள் ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். முதல் சுற்றுச் சாப்பாட்டுப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லாத பொருள் அந்த எல்லையைத் தாண்டி நிற்கிறது.

எண்ணெயும் அப்படியே. எவ்வளவு ஊற்றுவீர்கள் என்றால் “ரெண்டு கரண்டி” என்று வரும். எந்தக் கரண்டி, எத்தனை தடவை என்று கேட்டு முடியாது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று கேட்பது மேல். ரேஷனில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கடையில் நாலு பாக்கெட் சூரியகாந்தி. வீட்டில் நாலு பேர். ஆளுக்குத் தினம் சுமார் 38 கிராம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரித் தட்டுக்குச் சொல்லும் அளவு 27 கிராம். வெளியே தின்னும் பஜ்ஜியும் புரோட்டாவும் இந்த 38இல் சேராது.

மத்தியும் கானாங்கெளுத்தியும் விற்காமல் மிஞ்சினால் வீட்டுக்கு வரும். இந்த வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஊட்டச்சத்து வகுப்புகளில் ‘புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதற்கு இங்கே அவசியமே இல்லை. சோற்றின் அளவுதான் பேச வேண்டியது. மத்தியானத் தட்டை எடை போட்டோம்: சோறு மட்டும் 480 கிராம், அரிசியாகச் சுமார் 160 கிராம். ஒரு நாளைக்கு எல்லாத் தானியமும் சேர்த்து 250 கிராம் என்பது அதே ஹைதராபாத் தட்டு. மீதியை இட்லியும் புரோட்டாவும் தாராளமாக நிரப்பிவிடுகின்றன.

ஏழு கிலோ எங்கிருந்து வந்தது

பழைய மருத்துவமனைச் சீட்டு ஒன்றில் அவர் எடை 61 என்று இருந்தது. இடையில் ஏழு கிலோ. ஏன் என்றால் அவரிடம் இரண்டு காரணம் தயாராக இருந்தது. ஒன்று, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன். இதை எல்லா வீட்டிலும் கேட்கிறோம். அவர் விஷயத்தில் ஆபரேஷன் முடிந்து வெகு காலம் கழித்து எழுதியதுதான் அந்த 61. இன்னொன்று, முன்பு கூடையைத் தலையில் வைத்து ஊர் ஊராக நடந்து விற்றது நின்று, ஆட்டோ வந்தது. இது கேட்க உடனே சரியென்று படுகிறது. டாக்டர் சொன்ன வாக்கிங்கும் இதே நம்பிக்கையில் வந்ததுதான்.

ஆனால் உழைப்பு குறைந்தால் எரியும் ஆற்றல் அதே அளவு குறைகிறதா என்பதில் பெரிய விவாதம் இருக்கிறது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களை ஹெர்மன் பான்ட்சர் குழு அளந்து 2012இல் எழுதியது. உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் எரிக்கும் மொத்த ஆற்றல் மேலைநாட்டவருடையதுக்கு ஏறக்குறைய சமம். 2025இல் 34 மக்கள் குழுக்களிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வும், வளர்ந்த பொருளாதாரங்களில் பருமன் கூடுவதற்கு உழைப்புக் குறைவைவிட உணவின் பங்கே மிகப் பெரிது என்றது. உழைப்பு இதயத்துக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை. 17 நாடுகளில் சுமார் 1,30,000 பேரை வைத்து 2017இல் வந்த ப்யூர் ஆய்வு, வேலைக்காக உழைப்பதும் நடப்பதும்கூட ஆயுளைக் கூட்டுவதோடு சேர்ந்தே போகின்றன என்று காட்டியது. எடை குறைவது வேறு கதை.

உடல் எடை பற்றி ஆராயும் கெவின் ஹால் 2011இல் ஒரு கணக்குக் கொடுத்தார். தினசரி உணவில் சுமார் 24 கலோரி நிரந்தரமாகக் கூடினால் கடைசியில் ஒரு கிலோ கூடும். அதில் பாதி ஓராண்டில் வரும், மீதி பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள். அமெரிக்க உடம்பை வைத்துப் போட்ட கணக்கு, குத்துமதிப்புதான். ஏழு கிலோவுக்கு அது சுமார் 170 கலோரி. நாலு கிளாஸ் டீயின் சர்க்கரை 160. தலைச்சுமையாய் ஊர் ஊராய்ப் போன நாட்களில் வழியில் டீக்கடை இல்லை என்று அக்காவே பிறகு சொன்னார். ஆட்டோ வந்தபோது கூடவே காத்திருப்பும் வந்தது, காத்திருக்கிற இடத்தில் டீயும் வந்தது.

செய்தது

வாக்கிங் பற்றி நாங்கள் பேசவே இல்லை. டீயை மட்டும் எடுத்தோம். கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் “சக்கரை கம்மி” என்று கத்தினால் மாஸ்டர் காதில் விழாது. அக்காவும் கூட வியாபாரம் செய்யும் பெண்களும் சேர்ந்து ஒரு நாள் சொல்லிவைத்தார்கள், எங்க கூட்டத்துக்கு எப்பவும் அரைச் சக்கரை என்று. அதற்குப் பிறகு யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆறு கிளாஸ் நாலாகக் குறைந்தது அவராகச் செய்தது. கணக்குப்படி 60 கிராம் 20 ஆனது.

எண்ணெயில் தோற்றோம். ஒரு மாதம் நாலு லிட்டரில் ஓட்டினார், அடுத்த மாதம் பையன் முகம் சுளித்தான், பழையபடி ஐந்து. ராத்திரி புரோட்டா வாரம் ஐந்திலிருந்து மூன்றானது. அதுவும் சலிப்பான நாளில் தவறும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவரை அடுப்பு மூட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாசியில் முதல் அளவு 68 கிலோ, இடுப்பு 94. தடைக்காலத்தில், சர்க்கரையைக் குறைக்கும் முன்பே, 68.7. உழைப்புப் புள்ளி பாதிக்கும் கீழே போன காலத்தில் ஏறியது ஒரு கிலோகூட இல்லை. கடை டீ குறைந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே ஆளை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. அரைச் சக்கரை தொடங்கி ஐப்பசியில் 66.6, இடுப்பு 91. பிஎம்ஐ 29.2. ரத்தக் கொதிப்பு மாத்திரை அப்படியே தொடர்கிறது, நிறுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் கேள்வித்தாளில் இப்போது டீ தனி வரி. கிளாஸ் எத்தனை, கடையா வீடா என்று கேட்கிறோம். எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கை எடுத்துவிட்டு மாத லிட்டர் போட்டிருக்கிறோம். உழைப்புக்குக் காட்டும் படங்களில் ஜிம், சைக்கிளோடு அன்னக்கூடை தூக்குவதும் குடம் சுமப்பதும் சேர்ந்தன. கடலோரத் தெருக்களுக்குத் தடைக்காலமா இல்லையா என்று ஒரு கட்டம்.

பையனை மட்டும் இன்னும் அளக்கவில்லை. 22 வயது, சிப்காட்டில் ஷிப்ட் வேலை, வயிறு இப்போதே தெரிகிறது. நாங்கள் போகும் பகல் வேளையில் ஒன்று தூங்குவான், இல்லை வேலையில் இருப்பான். அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இளைஞர் பெயருக்கு நேரே ‘ஆள் இல்லை’ என்றே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குழுவை அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறோம்.